வெறும் அடைப்புக்குறி

எங்கள் கம்பெனியில் புது மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து ஆறு பேருக்கு வேலை போய்விடுமோ என்ற பயம் பிடித்தது. அந்த ஆறு பேரில் நானும் ஒருத்தி. அட்டைப்பெட்டி செய்கிற கம்பெனி. எனக்கு ஒட்டுகிற செக்‌ஷனில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக என்னைப் பசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் ஒரு பெயர் வரும், அதை நானே மறந்துவிடுவேன்.

டை கட்டிங் மெஷினில் நிற்கிறவருக்கு ஒன்பதே முக்கால் என்று பெயர். விரல் கணக்கு. இடதுகைச் சுண்டுவிரலில் கால்வாசியை அந்த மெஷின் ஒருநாள் வாங்கிக்கொண்டது. "அது கேட்டுச்சு, குடுத்தேன்" என்று சொல்லிச் சிரிப்பாரே தவிர, யாரையும் குறை சொன்னதில்லை. என் வீட்டுக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தார். அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி என்பேன். அண்ணி வீட்டிலேயே மெஷின் போட்டு, பேன்ட் கால் சுருக்குவது, ஜிப் மாற்றுவது, இடுப்பு பிரிப்பது என்று தைத்துக்கொண்டிருந்தார். என் தலைக்கு மேலே அந்தத் தையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் எனக்கு ஏதோ போல இருக்கும்.

புது மெஷினுக்கு டை என்கிற வெட்டு அச்சை மாட்ட வேண்டியதில்லை. நாம் எழுதிக் கொடுக்கிற வரிகளைப் படித்து அதுவே வெட்டும், அதுவே மடிப்புக்கோடு போடும். அந்த வரிகளை எழுதக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் வகுப்பு. ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் டேபிளைச் சேர்த்துப் போட்டு, ஆளுக்கொரு லேப்டாப். கற்றுக்கொள்ளாதவர்கள் கோடவுனில் மூட்டை தூக்கலாம் என்று மேனேஜர் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிக்கொடுக்க வந்தது ஒரு சின்னப் பெண். எங்களில் யாருடைய வயதைப் பாதியாக்கினாலும் அவள் வயது வரும். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். ஆறு பேரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். பயம்தான் காரணம், மரியாதை எல்லாம் பிறகு வந்தது.

முதல் நாள் மெஷினை 'வணக்கம்' சொல்ல வைப்பது பாடம். ஒரே ஒரு வரி. அண்ணன் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்தி, எண்டரைத் தட்டினார். சிவப்பு எழுத்தில் நாலு வரி வந்து விழுந்தது.

"திட்டுது டீச்சர்."

"திட்டல சார். எந்த வரியில தப்புன்னு சொல்லுது. அத வாய்விட்டுப் படிங்க, அதுலயே பதில் இருக்கும்."

"எங்க ஃபோர்மனும் தப்பத்தான் சொல்றேம்பார். கேக்கறப்ப திட்டற மாதிரிதான் இருக்கும்."

ஒரு மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டதும் வணக்கம் வந்தது. அண்ணனுக்கு வாயெல்லாம் பல். அவருடைய ஒரே மகள் தூரத்து நகரத்தில் இப்படிக் கம்ப்யூட்டருக்கு வரி எழுதுகிற வேலைதான் பார்க்கிறாள். திரும்பி வரும்போது தூறலில் குடையைக்கூட விரிக்காமல் பேசிக்கொண்டே வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அவ போன் பண்ணுவா பாரு பசை, நல்லா இருக்கியாம்மான்னு நான் கேப்பேன், நல்லா இருக்கேன்ப்பான்னு அவ சொல்லுவா. அதோட என் சரக்கு தீந்துடும். இனிமே நானும் ரெண்டு வார்த்தை கூடப் பேசலாம்ல."

"பேசுங்க. நடுவுல மேற்கோள் குறி மட்டும் விட்டுடாதீங்க."

அண்ணிக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. மகளிடமிருந்து தினமும் காலையில் ஆறு நாற்பதுக்கு அண்ணியின் போனுக்குச் செய்தி வரும். அது வருகிறவரை டீ குடிக்க மாட்டார். முன்பெல்லாம் அது எட்டுக்கு வரும், ஒன்பதுக்கு வரும், சிலநாள் வராமலே போகும். அப்படி வராத ஒருநாள் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உட்கார்ந்திருந்து, தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். நான்தான் மாடிக்கு ஓடி முகத்தில் தண்ணீர் தெளித்தேன். அதற்குப் பிறகு மகள் ஒருநாள்கூடத் தவறவில்லை. ஆபீஸ் நம்பர் என்று வேறொரு எண்ணிலிருந்து வரும், கடிகாரம் பார்த்து வைத்ததுபோல.

வந்ததும் மாடிப்படியில் நின்று எனக்குப் படித்துக் காட்டுவார். நானும் பல் தேய்த்துக்கொண்டே கேட்பேன்.

"'மழை பெய்யுதாம்மா அங்க? குடை எடுத்துட்டுப் போ.' பாரு, எவ்வளவு அக்கறை."

"அண்ணி, வெயில் மண்டையப் பொளக்குது."

"அவ ஊர்ல பெய்யும். அந்த நெனப்புல எழுதியிருப்பா." அன்றைக்கு அந்த வெயிலில் குடையோடுதான் கடைக்குப் போனார். தெருவே சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பதில் எழுத அரைமணி நேரம் ஆகும். மூக்குக்கண்ணாடியை இறக்கி, போனை மெஷின்மேல் சாய்த்து வைத்து, எழுத்தெழுத்தாக எழுதுவார். அப்படி என்னதான் எழுதுவார் என்று நான் கேட்டதில்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில் நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டேன்.

வகுப்பில் மூன்றாவது வாரம் ஃபங்ஷன் என்ற பாடம் வந்தது. அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த நாங்கள் அன்றைக்குத்தான் உண்மையாகவே விழித்தோம். டீச்சர் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள், புரியவில்லை. பிறகு அவளே எழுந்து போய் அண்ணனின் பழைய டை பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து டேபிள்மேல் வைத்தாள்.

"இத ஒரு தடவ செய்வீங்க. அப்புறம் எத்தன ஷீட் வந்தாலும் இதுலயே போடுவீங்க. ஒவ்வொரு பெட்டிக்கும் புதுசா அளந்து வெட்ட மாட்டீங்க இல்ல? ஃபங்ஷனும் அதேதான். ஒரு தடவ எழுதி ஒரு பேரு வெச்சிடுங்க. அப்புறம் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாப் போதும்."

"டை மாதிரியா? அத மொதல்லயே சொல்லக்கூடாதா டீச்சர்" என்றார் அண்ணன்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடைப்புக்குறி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அதற்குள் கொடுத்தால், எவ்வளவு பெரிய அட்டை வேண்டும் என்று ஃபங்ஷன் கணக்குப் போட்டு வெளியே தரும். டீச்சர் போர்டில் எழுதிக் காட்டினாள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கு, அது ஒரு பக்கம். அகலத்தையும் உயரத்தையும் கூட்டு, அது மறுபக்கம்.

"ஒட்டறதுக்கு எடம் விடலியே டீச்சர்" என்றேன் நான்.

அவள் திரும்பிப் போர்டைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நாலு சென்டிமீட்டர் ஒட்டு மடிப்பு இல்லாவிட்டால் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அவள் சிரித்துவிட்டு, கூட்டல் நாலு என்று சேர்த்தாள். படிப்பு விஷயத்தில் என் வாழ்க்கையில் நான் ஜெயித்தது அந்த ஒரு தடவைதான்.

அதற்கடுத்த வாரம் நல்ல மழை. கேன்டீன் தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தில் டீச்சர் கத்திப் பேச வேண்டியிருந்தது. அன்றைக்கு அடைப்புக்குறிக்குள் எதுவும் போடாத ஃபங்ஷன்.

"பிராக்கெட் காலியா இருக்கு பாருங்க. இது உள்ள எதையும் வாங்கிக்காது. கூப்பிட்டா, தன்கிட்ட இருக்கறத எடுத்து வெளிய குடுக்கும், அவ்வளவுதான்."

பயிற்சிக்குப் போர்டில் அஞ்சு வாக்கியம் எழுதினாள். காலை வணக்கம். சாப்பிட்டீங்களா. நல்லாத் தூங்கினீங்களா. உடம்பப் பாத்துக்குங்க. இந்த நாள் நல்லா இருக்கும். இந்த அஞ்சில் ஏதாவது ஒன்றை எடுத்து அனுப்புகிற மாதிரி ஒரு ஃபங்ஷன் எழுத வேண்டும். தினமும் இத்தனை மணிக்கு இதைக் கூப்பிடு என்று கம்ப்யூட்டரிடம் சொல்லி வைத்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும் என்றாள். "எங்க ஆபீஸ்ல பொறந்தநாள் வாழ்த்தெல்லாம் இப்படித்தான் போகுது. யாரும் உக்காந்து எழுதறதில்ல."

நாங்கள் எல்லாரும் தட்ட ஆரம்பித்தோம். அண்ணன் மட்டும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இதுக்கு யாராவது பதில் எழுதினா?"

"வந்து சேரும் சார். ஆனா இந்த ஃபங்ஷன் அதப் பாக்காது. அதுக்குத்தான் பிராக்கெட்ல ஒண்ணுமே குடுக்கலியே. நீங்க என்ன எழுதினாலும், நாளைக்கு இந்த அஞ்சுல ஒண்ணுதான் வரும்."

"இத நிறுத்தணும்னா?"

"எங்க ஓடுதோ அங்கதான் நிறுத்த முடியும். வாங்கறவங்க பக்கத்துலருந்து முடியாது." அவள் அடுத்த டேபிளுக்குப் போய்விட்டாள்.

வீடு திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் அண்ணன் நின்றார். பிறகு, "அவ அப்படிச் செய்வாளா பசை?" என்றார். யார், என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த வெயில் நாள் குடைதான் நினைவுக்கு வந்தது. "சும்மா எதையாவது போட்டுக் குழப்பிக்காதீங்கண்ணே" என்றேன். சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தார். போன் வீட்டில் இருந்தது. அண்ணன் ஒரு அட்டைத் துண்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்துச் செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்திருக்கிறார். மொத்தம் பதினொரு வாக்கியம். அவ்வளவுதான். அந்தப் பதினொன்றே மாறி மாறி வந்திருந்தது. மகளின் செய்திகளை எண்ணத்தான் உட்கார்ந்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் அண்ணியின் பதில்கள் இருந்தன, அவற்றையும் தாண்டித்தானே போக வேண்டும்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். படியில் தடதடவென்று இறங்கி வந்தார். போனை என்னிடம் நீட்டினார். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தேன்.

'இடது மார்புல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது கண்ணு. வலி இல்ல. அப்பாவுக்குச் சொல்லல, பயந்துடுவார். ஞாயித்துக்கிழமை போன்ல பேசினா ஸ்பீக்கர்ல அவருக்கும் கேக்கும். அதான் இதுல எழுதறேன். டாக்டர்கிட்ட போகவா, வேண்டாமா? நீ சொல்லு.'

மறுநாள் காலை ஆறு நாற்பதுக்கு வந்திருந்தது: 'கவலப்படாதம்மா, எல்லாம் சரியாயிடும்.'

அதற்குக் கீழே அண்ணி எழுதியிருந்தார்: 'சரி கண்ணு. நீ சொல்லிட்டா எனக்கு தைரியம்.'

மூன்று வாரம் கழித்து, கட்டி இன்னும் இருக்கிறது, கொஞ்சம் பெரிசான மாதிரி இருக்கிறது என்று மறுபடி எழுதியிருந்தார். அதற்கு, 'நல்லாத் தூங்கினியாம்மா?' அண்ணி அதற்கும் பதில் போட்டிருந்தார். 'நல்லாத் தூங்கினேன். நீ கேட்டதே போதும்.'

அந்த முதல் செய்தியின் தேதியைப் பார்த்தேன். ஏழு மாசம் ஆகியிருந்தது.

"ஏழு மாசமா பசை" என்றார் அண்ணன். "நான் பக்கத்துலதான் படுத்திருந்தேன்." என் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் மகள் முன்னால் இருந்திருந்தால் அறைந்திருப்பேன். ஆனால் அதே படியில்தானே அண்ணி தினமும் நின்று படித்தார், நானும்தானே வாயில் நுரையோடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமையே அழைத்துக்கொண்டு போனோம். உனக்கு உடம்பு இளைத்திருக்கிறது, ஒரு முறை பார்த்துவிடலாம் என்று சொல்லித்தான் அண்ணன் கிளப்பினார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையை வைத்துப் பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். பத்து நாள் அலைச்சலுக்குப் பிறகு, புற்று எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். மருந்து கொடுத்து நாளைத் தள்ளலாம், முழுதாகக் குணப்படுத்த முடியாது என்றார்கள்.

"ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? ஆரம்பத்துல வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

"பொண்ணுகிட்ட கேட்டேங்க. சரியாயிடும்னா. அவ படிச்சவ."

அண்ணன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் அண்ணி எங்கள் இரண்டு பேருக்கும் ஆறுதல் சொன்னார். "அவ வந்தா இதப் பத்தி யாரும் பேச்செடுக்காதீங்க. நான் சொன்னது தப்பாப் போச்சேன்னு அவ மனசு ஒடிஞ்சு போயிடும். கொழந்தைக்கு என்ன தெரியும், அவ டாக்டரா? நானும் வாயத் தெறக்க மாட்டேன்."

அன்று மாலை என் வீட்டில் உட்கார்ந்துதான் மகளுக்குப் போன் போட்டார். அவள் அழுத சத்தம் எனக்கும் கேட்டது. "ஏழு மாசமாவா? ஏன்ப்பா அம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அண்ணன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லலம்மா அவ. எங்கிட்டயும் சொல்லல. நீ கெளம்பி வா."

போனை வைத்ததும், "ஏண்ணே மறைச்சீங்க?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"அம்மா பட்டினியா இருக்கக் கூடாதுன்னு செஞ்சு வெச்சிருக்கா. மயங்கி விழுந்தத நான்தான அவளுக்குச் சொன்னேன்? நீ வேற எதையும் செய்யவேண்டாம், தெனம் ஒரு வார்த்தை நேரத்துக்குப் போட்டுடுன்னு நான்தான சொன்னேன்? அவ அதத்தான் செஞ்சா." பிறகு, "இவ போய்ச் சேந்தப்புறமும் அந்தப் புள்ள அம்பது வருஷம் இருக்கணும் பசை" என்றார். "இத வெச்சுக்கிட்டு எப்படி இருப்பா? இவளுக்கும் தெரியக்கூடாது, அவளுக்கும் தெரியக்கூடாது. உனக்கும் எனக்கும் தெரிஞ்சதே போதும்."

அந்தச் செய்தியை நிறுத்து என்று மகளிடம் சொல்லவும் அவருக்கு வழியில்லை. சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்பாள். அம்மா எழுதிய பதில்களை எடுத்துப் படிப்பாள். அதனால் அது பாட்டுக்குக் காலையில் வந்துகொண்டிருந்தது, அண்ணியும் படித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் மகள் வந்து இறங்கினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது முடித்து, முகம் கழுவி, ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும், அம்மாவுக்குத் தலை வாரிவிட உட்கார்ந்தாள். நான் ஃப்ளாஸ்கில் டீயும் நாலு பன்னும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அண்ணி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் கட்டிலில் மகள், இரண்டு கையிலும் எண்ணெய். அண்ணன் சமையலறையில் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"பசை, என் போன் எங்கன்னு பாரு. பேன்ட் குடுத்தவங்க கூப்பிடறேன்னாங்க. காலைலருந்து தேடறேன்."

தைக்க வந்த துணிக்குவியலின் அடியில் இருந்தது. அணைந்து கிடந்தது. சார்ஜ் போயிருக்கும் என்று ஒயரைச் சொருகி, ஆன் செய்து, அண்ணியின் கையில் கொடுத்தேன். அண்ணன்தான் விடியற்காலையில் அதை அணைத்து அங்கே ஒளித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும், நானும் அந்த வகுப்பில்தானே உட்கார்ந்திருந்தேன்.

டிங் என்றது. மணி ஏழேகால். ஆறு நாற்பதுக்குக் கிளம்பியது அதுவரை காத்திருந்து வந்து விழுந்தது. அண்ணி பழக்க தோஷத்தில் சத்தமாகவே படித்தார்.

"'நல்லாத் தூங்கினியாம்மா?' ஏண்டி, முதுகுக்குப் பின்னால உக்காந்துகிட்டே..." என்று சிரித்துக்கொண்டு திரும்பினார். திரும்பியவர், மகளின் எண்ணெய்க் கைகளைப் பார்த்தார்.

சீப்பு அப்படியே நின்றது. சமையலறை வாசலில் அண்ணன் கரண்டியோடு வந்து நின்றார். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எத்தன நாளா?" என்றார் அண்ணி.

"ஒன்றர வருஷம்மா" என்றாள் மகள். "நான் அசந்து தூங்கிட்டா நீ டீகூடக் குடிக்காம உக்காந்திருப்பியேன்னுதான்... கொஞ்ச நாளைக்குன்னு நெனச்சேன்."

"நான் எழுதினதெல்லாம்?"

"அந்த நம்பர நான் தொறக்கறதே இல்லம்மா."

அண்ணி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவிலேயே அண்ணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இப்போது கத்தப் போகிறார், போனைத் தூக்கி எறியப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எறிந்தால் நல்லது என்றும் நினைத்தேன். சமையலறையில் முட்டை பாத்திரத்தில் மோதிக்கொண்டிருந்தது.

"அந்த நம்பர் எங்க இருக்கு?"

"என் ரூம்ல, ஒரு பழைய போன்ல."

"போனதும் மொத வேலையா அத அழிச்சிடு. தொறக்காம அழி."

"இல்லம்மா." மகள் உடைந்து அழுதாள். "நான் படிக்கறேன். எல்லாத்தையும் உக்காந்து படிக்கறேன். ஒண்ணு விடாமப் படிச்சு, ஒண்ணொண்ணுக்கும் பதில் எழுதறேன்."

"வேண்டாம்."

அண்ணி அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கே அது தெரிந்ததோ என்னவோ, உடனே குரலை இறக்கிக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு. எழுதத் தெரியாம என்னென்னவோ எழுதியிருக்கேன், எனக்கே வெக்கமா இருக்கு. என் தலைமேல கை வெச்சுச் சொல்லு, படிக்க மாட்டேன்னு."

"அம்மா..."

"உன் கை என் தலைலதான இருக்கு. சொல்லு."

"படிக்க மாட்டேன்" என்றாள் மகள்.

அண்ணி முன்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். போனைப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் யாரையும் பார்க்கவில்லை, எதிரே தையல் மெஷினைப் பார்த்தார்.

"அப்படி என்னதாம்மா எழுதின?"

"என்ன எழுதுவேன். நீ தூங்கினியான்னு கேப்ப, தூங்கினேன்னு எழுதுவேன். சாப்பிட்டியான்னு கேப்ப, சாப்பிட்டேன்னு எழுதுவேன். வாருடி, பின்னல் பாதியில நிக்குது."